குறைத்த எடை திரும்பி வந்துவிட்டதா? கரண்டியிலிருந்து தொடங்குங்கள்

82 கிலோவிலிருந்து 70க்கு இறங்க எனக்கு ஒன்றேகால் வருஷம் ஆனது. அதில் 8 கிலோ திரும்ப ஏற ஏழே மாதம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில், இளைத்தபோது "இன்னாக்கா, பாதியா பூட்ட" என்று நிறுத்திக் கேட்டவர்கள், ஏறினபோது ஒன்றுமே கேட்கவில்லை. இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார்கள். அதுதான் ரொம்ப வலித்தது. இப்போது 72ல் நிற்கிறேன், இரண்டாவது முறை இறங்கி வந்த வழியைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அதனால் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எடை மெஷினை வெளியே எடுப்பது

நான் சறுக்கியது குடியாத்தத்தில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அங்கேயே இருந்து, இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினில் ஏறினால் 72.3. போச்சு, இத்தனை நாள் பட்ட பாடு மூன்று நாளில் போச்சு என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன். இப்போது யோசித்தால் நான் சறுக்கின இடம் அந்தக் கட்டிலடிதான்.

ஏனென்றால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு தோராயமாக 7,700 கலோரி. 2.3 கிலோ கொழுப்பு மூன்று நாளில் சேர வேண்டுமென்றால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே தினமும் கிட்டத்தட்ட 6,000 கலோரி தின்றிருக்க வேண்டும். யார் வந்து பரிமாறினாலும் என்னால் ஆகாது. ஏறினதில் பெரும்பாலும் தண்ணீர். சோறும் இனிப்பும் அதிகமானால் உடம்பு அதைக் கிளைக்கோஜன் என்று கல்லீரலிலும் தசையிலும் எடுத்து வைத்துக்கொள்கிறது, அதில் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உப்பு ஏறினால் அதற்கும் தண்ணீர். வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் இறங்கியிருக்கும். எனக்கு அது தெரியாது. எல்லாம் போனபின் இன்னும் இரண்டு தின்றால் என்ன என்ற எண்ணம் வந்துவிட்டது. அப்புறம் படியில் கால் பிசகிக்கொண்டது, நடை நின்றது, அது முடியும்போது கத்திரி வெயில், அது முடியும்போது மனசே இல்லை.

அந்த ஏழு மாதக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 8 கிலோவும் கொழுப்பு என்றே வைத்துக்கொள்வோம், 61,600 கலோரி. 210 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 290 சொச்சம். ராத்திரியில் கூடுதலாக ஒரு கரண்டி குவித்த சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட ஒரு டீ, கூடவே ஒரு கை மிக்சர், அவ்வளவுதான். உடம்பு கால்குலேட்டர் இல்லை, இது துல்லியமாகப் பொருந்தாது, ஆனாலும் விஷயத்தின் அளவு புரிகிறது. நான் பெரிய பெரிய விருந்துகளை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் கிடந்தேன், எடையோ ஒரு கரண்டி ஒரு டீயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறினது இவ்வளவு சின்னதில் என்றால், இறக்குவதற்கும் ஏதோ பெரிய விரதம் வேண்டியதில்லை.

ஆகவே இன்றைக்கு மெஷினில் ஏறி, நம்பர் எதுவானாலும் தேதியோடு எழுதிவிடுங்கள். அதன்பின் வாரம் ஒரு தடவை போதும், காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், ஒரே கிழமையில். நான் வியாழன் வைத்திருக்கிறேன், திங்கள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பின் உப்பு உங்களைப் பயமுறுத்தும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீரில் ஏறி இறங்கும், அந்த வார நம்பரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். கூடவே மாதம் ஒருமுறை ஒரு டெய்லர் டேப்பில் இடுப்பு. நம் நாட்டவருக்குப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கில் உள்ள அளவு.

பசி உண்மைதான்

திரும்பத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்வது, போன தடவையைவிடக் கடுமையாக ஆரம்பிப்பது. நானும் செய்தேன். இரண்டு நாள் வெள்ளரிக்காயும் மோரும். மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி, ஆறிப்போன பிரியாணியைக் கையாலேயே எடுத்துத் தின்றேன். சூடுகூடப் பண்ணவில்லை.

இதற்கு மனசு உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1944-45ல் அமெரிக்காவில் மினசோட்டாவில், திடகாத்திரமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது அவர்களுக்கு, கட்டுப்பாடு முடிந்த பிறகும் பலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. 2011ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பத்து வாரத்தில் சராசரியாக 13 கிலோ சொச்சம் குறைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. அதாவது, இளைத்த உடம்பு பழைய எடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதோடு மல்லுக்கட்டினால் தோற்போம். பசி வராத அளவுக்கு மெல்லக் குறைக்க வேண்டும், அதற்குத்தான் கரண்டி.

கரண்டிக் கணக்கு

முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே சாப்பிடுங்கள், அளந்து மட்டும் பாருங்கள். சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, சோறு போட்டால் போதும். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டி தலைதட்டிப் போட்டால் 80 கிராம், நான் போட்டுக்கொள்கிற மாதிரி குவித்துப் போட்டால் 130. மத்தியானம் ஐந்து கரண்டி. மூன்று கரண்டிதான் சாப்பிடுகிறேன் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தவள் நான்! முதலில் போடுகிற மூன்றைத்தான் எண்ணியிருக்கிறேன், ரசத்துக்கும் மோருக்கும் போடுவது எண்ணிக்கையிலேயே இல்லை. 650 கிராம் சோறு, நூறு கிராமுக்கு 130 கலோரி என்றால் 845, குழம்பு கறி சேர்க்காமல்.

இரண்டாவது வாரம், ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் ஒரு கரண்டி குறையுங்கள், மத்தியானத்தைத் தொடாதீர்கள். மூன்றாவது வாரம் மத்தியானம் கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டுங்கள், எண்ணிக்கை அதேதான். அது பழகின பிறகு எண்ணிக்கையில் ஒன்று. பசித்தால் அந்த வாரம் மேலே போகாமல் அங்கேயே நில்லுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. நான் ஐந்து குவித்ததிலிருந்து மூன்று தலைதட்டினதுக்கு வர இரண்டரை மாதம் ஆனது, நடுவில் ஒருநாளும் பிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்கவில்லை.

குறைந்த சோற்றின் இடம் காலியாக இருக்கக் கூடாது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டில் பாதி காய், கீரை. மீதிப் பாதியில் சோறும், பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ. சோற்றுக்கு முன்னால் காயை இரண்டு வாய் தின்றுவிடுங்கள், பசியின் முதல் வேகம் அதில் போகும். சின்னத் தட்டு வாங்கு, தானாகக் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, சின்னத் தட்டில் இரண்டு தடவை போட்டுக்கொள்ளத் தெரியாதா நமக்கு? அந்த மாதிரி யோசனைகளுக்குப் பேர்போன ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளரின் கட்டுரைகள் பல 2018 வாக்கில் திரும்பப் பெறப்பட்டன என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தட்டைவிடக் கரண்டி நம்பகம்.

இனி வீட்டில் இருப்பவர்கள். என் மாமியார் முதல் வாரம் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, காக்காய்க்கு வெக்கிற மாதிரி வெச்சிக்கினு உக்காந்துகிற?" என்றார். இரண்டாவது நாள் நான் பார்க்காதபோது ஒரு கரண்டி வைத்தே விட்டார். வாதாடிப் பிரயோஜனம் இல்லை. "அத்தை, நீங்களே போடுங்க, ஆனா இந்தக் கரண்டியில மூணு, தலைதட்டி" என்று கரண்டியை அவர் கையிலேயே கொடுத்தேன். இப்போது என்னைவிடக் கறாராக அவர்தான் தட்டுகிறார். பரிமாறுகிற கை யாருடையதோ அவரைக் கூட்டாளி ஆக்கிக்கொள்ளுங்கள்.

பரிமாறுகிற கை உங்களுடையதே என்றால் வேறு ஆபத்து. எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் நாலு வாய் மிச்சம், பிள்ளை தட்டில் அரை தோசை, வீணாய்ப் போகிறதே என்று வயிற்றில் கொட்டிக்கொள்வது. நான் ஒரு வாரம் அதையும் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒருநாள் 180 கிராம் வந்தது. சோற்றில் மிச்சமானால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழையது. உலையில் போடும்போதே அரை டம்ளர் அரிசி குறைத்துப் போட்டால் இன்னும் நல்லது.

களி, சப்பாத்தி, இட்லி

"நான் ராத்திரி சோறே தொடுறதில்ல, களிதான்" என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. களி நல்லதுதான், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் எடைக்கு? நூறு கிராம் அரிசி 350 கலோரி சுமார் என்றால், கேழ்வரகு மாவு 320 சுமார், கோதுமை மாவும் கிட்டத்தட்ட அதே. நாம் நொய்யும் போட்டுத்தான் கிண்டுகிறோம். ஓர் உருண்டை கைக்கு அடங்குவதாக இருக்கலாம், தேங்காய் அளவுக்கு இருக்கக் கூடாது. கீரைக் கடைசலை உருண்டைக்குச் சமமாக ஊற்றிக்கொள்ளுங்கள், வேர்க்கடலைச் சட்னியை அப்படி ஊற்றாதீர்கள், கடலை நூறு கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆடி மாதக் கூழுக்கும் இதே கணக்குத்தான். ஒரு சொம்பு போதும், அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள்.

இட்லி ஒன்று 60 கலோரி சுமார், எண்ணுவதற்கு அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. ஏழு சாப்பிட்டவள் நாலுக்கு வந்தேன், சாம்பாரில் காய் அதிகம்.

எண்ணெய் ஒரு வார்த்தை. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. ஆளுக்கு நாளுக்கு 25-30 கிராம் என்று வைத்தால் மாதம் ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். நாலு பேருள்ள எங்கள் வீட்டில் ரேஷன் பாமாயிலும் கடை எண்ணெயும் சேர்த்து ஆறு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. காரணம் தேடினால் பாதி கத்தரிக்காய். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கின காய், அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் எண்ணெய் குடிப்பதில் கத்தரிக்காயை மிஞ்ச ஆள் இல்லை. இப்போது தணலில் சுட்டுக் கடைகிறேன், இல்லாவிட்டால் ஆவியில் பாதி வேகவைத்து அப்புறம் தாளிக்கிறேன்.

பிரியாணியும் பந்தியும்

வேலூரில் இருந்துகொண்டு பிரியாணி சாப்பிட மாட்டேன் என்று சபதம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலேயே இருக்கிறது, ஆபீசில் மாதம் இரண்டு பேருக்காவது பிறந்தநாள், பக்கத்து வீட்டுப் பாய் ரம்ஜானுக்குக் கொடுத்தனுப்புவார். சாப்பிடுங்கள். மத்தியானம் சாப்பிடுங்கள், ராத்திரி வேண்டாம். காலையில் பட்டினி கிடந்து போகாதீர்கள், வெறும் வயிறோடு சீரகச் சம்பா வாசனைக்கு முன்னால் உட்கார்ந்தால் அளவு என்ற பேச்சே இல்லை. கடையில் ஒரு பிளேட் வந்ததும், கை வைப்பதற்கு முன்னால், பாதியைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டே போனால் பாதி எங்கே வந்தது என்று தெரியாது. கறித்துண்டும் தயிர் வெங்காயமும் தாராளமாக, கத்தரிக்காய்ப் பச்சடி இரண்டு ஸ்பூன்.

கல்யாணப் பந்தியில் "போதும்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை, இலைக்கு மேல் கை நீட்டினால்தான் நிற்பார்கள். ஆற்காட்டு மக்கன் பேடா வைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஒன்றை நாலு கடியாகத் தின்றுவிட்டு, இரண்டாவதை எடுத்து வருகிறவருக்குக் கையைக் காட்டுங்கள். கோவாவும் மைதாவும் உள்ளே பருப்புகளுமாக எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறினது, ஒன்றே ஒரு பலகாரம்.

கிருத்திகை விரதம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது விரதத்தை அல்ல, விரதம் முடிக்கிற வேளையை. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நடை

இந்த ஊர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் காலை ஏழு மணிக்கு மேல் நடப்பது தண்டனை, 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதா? ஐந்தரைக்குக் கிளம்பினால் உண்டு. கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அகழியை ஒட்டி நடக்க நல்ல இடம். என்னைப் போலச் சத்துவாச்சாரியில் இருந்தால் தெருவும், நாய்களும். காலையில் முடியாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியில் இருபது நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சம், ஒரேயடியாக வேண்டாம், பத்துப் பத்தாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். அரை மணி நடையில் 100, 150 கலோரிதான் போகும், ஒரு வடையும் டீயும் அதைத் தின்றுவிடும். ஆகவே எடை இறங்குவதற்குக் கரண்டி, இறங்கினது நிற்பதற்கு நடை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு விடுகிற நாளில்

ஒருநாள் எல்லை மீறிவிட்டது. என்ன செய்வது? அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுவது. பட்டினி போட்டுச் சரிக்கட்டக் கூடாது, திங்கட்கிழமை வரை தள்ளிப் போடவும் கூடாது. ஆபீசில் ஒரு பதிவு தப்பாக விழுந்தால் லெட்ஜரையா கிழிக்கிறோம்? கீழே ஒரு திருத்தப் பதிவு போட்டுவிட்டு மேலே போகிறோம். நான் அடுப்படிக் காலண்டரில் தினமும் ஒரு டிக் போடுகிறேன், அளவோடு சாப்பிட்ட நாளுக்கு மட்டும். ஏழில் ஐந்து வந்தால் அந்த வாரம் பாஸ். ஏழுக்கு ஏழு வேண்டும் என்று ஆரம்பித்த போன தடவைதான் முதல் பெருக்கல் குறியிலேயே காலண்டரைத் திருப்பி மாட்டினேன்.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். இருக்கிற எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பலருக்கு நன்றாகத் தெரியும்படி மாறும். 78 கிலோவுக்கு அது 4 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு, எட்டக்கூடிய தூரம். மெஷின் அசையாத வாரங்களில் பார்ப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும். எனக்கு ஒரு பழைய ரவிக்கை இருக்கிறது, மேல் கொக்கி போடும் நாள் வரும் என்று அதை பீரோ கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். கூட ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் போதும். என் அக்கா ஆரணியில் இருக்கிறாள், வியாழக்கிழமை காலை அவளுக்கு என் நம்பர் போகும், எனக்கு அவள் நம்பர் வரும், புத்திமதி சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். தூக்கம் குறைந்த மறுநாள் பசி அதிகமாக இருக்கும், அன்றைக்குச் சுண்டலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், பழைய மருந்தளவோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். அளவு மாறாமலே எடை ஏறினால், களைப்பு, முடி உதிர்வு, மாதவிலக்கு தப்புவது என்று கூட ஏதாவது இருந்தால், தைராய்டு பாருங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவையும் எடை ஏற்றும், அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டு மாற்ற வேண்டும். ஒளித்து ஒளித்து நிறையத் தின்பது, பிறகு வாந்தி எடுப்பது என்று போனால் அது கரண்டியால் தீர்கிற விஷயம் இல்லை, வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள்.

எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள், நாமோ பத்து நாளில் பத்து கிலோ என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினதைப் பார்த்துப் பொடி வாங்குகிறோம். நானும் வாங்கினேன், இரண்டாயிரத்துச் சொச்சம். டப்பா மட்டும் நன்றாக இருந்தது, இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.